தலைக்கவசத்துக்குள் இருக்கும் நாடகம்

"படிக்கிற வயதில் பொம்மைச் சண்டையைப் பார்த்துச் சிரிச்சுக்கொண்டிருக்கிறான்." யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் வளர்ந்த பிள்ளை இருக்கும் வீடுகளில் இந்தக் குறை சாதாரணமாகக் கேட்கும். பரமேஸ்வராச் சந்தியில் தொடங்கி மதிலுக்கு மதில் ரியூசன் விளம்பரம் ஒட்டியிருக்கும் ஊர் இது. பிள்ளையின் ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் கணக்குக் கேட்கும் ஊர். இங்கே ஒருவர், கணினி விளையாட்டின் காட்சிகளைப் பதிவுசெய்து அதற்குக் குரல் கொடுத்துச் செய்த நகைச்சுவைத் தொடரை விரும்பிப் பார்க்கிறார் என்று தெரிந்தால் நாலு தீர்ப்பு உடனே வந்து விழும். அது நேரத்தைத் தின்னும் விளையாட்டு. அது மற்றவன் உழைப்பில் திருடிய படம். அதில் நடிப்பே இல்லை, முகமில்லாத பொம்மைகள்தான் அசைகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, போரில் வெந்த மண்ணில் இருந்துகொண்டு போரைப் பார்த்துச் சிரிப்பது தகாது.

நாலும் பிழை என்பது என் வாதம். கடைசியில் சொன்னதை மட்டும் மதிப்போடு நின்று மறுக்க வேண்டும். அதற்குப் பின்னால் சவம் சுமந்த வீடுகள் இருக்கின்றன.

எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பது முதலில் தெளிவாகட்டும். இந்த வகைக்கு 'மஷினிமா' என்று பெயர். 1996இல் 'குவேக்' என்ற சுடும் விளையாட்டை ஆடிய ஒரு குழு, தங்கள் ஆட்டத்தையே ஒரு சின்னக் கதையாகப் பதிந்து வெளியிட்டது. இந்த வகையின் தொடக்கமாகப் பலரும் காட்டுவது அதைத்தான். ஆனால் பெருந்தொகையானோரைச் சிரிக்க வைத்தது 2003 ஏப்ரல் 1இல் வெளிவரத் தொடங்கிய 'ரெட் வேர்சஸ் புளூ'. அமெரிக்காவில் ரெக்சாஸ் மாநிலத்தின் ஒஸ்ரின் நகரில் பேர்னி பேர்ன்ஸும் அவருடைய நண்பர்கள் சிலரும் 'ஹேலோ' என்ற விளையாட்டைக் கொண்டு அதைச் செய்தார்கள். ஆறோ எட்டோ அத்தியாயத்தோடு முடிக்கிற எண்ணத்தில் தொடங்கியது, முதற்கதை மட்டும் நூறு அத்தியாயமாக 2007 வரை ஓடியது. தொடரின் கடைசிப் படம் 2024 மே மாதத்தில் வந்தது. இந்தத் தொடரை வைத்தே வழக்காடுகிறேன். ஒரு வகையைப் பழிக்கிறவர்கள் அதில் வந்த மோசமானதைத் தூக்கிக் காட்டுவார்கள். அந்த வகையை அதன் நல்லதை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

முதல் அத்தியாயம் சில நிமிடந்தான். நாலு பக்கமும் பாறை அடைத்த ஒரு பள்ளத்தாக்கு. ஒரு அந்தத்தில் சிவப்பு அணியின் முகாம், மறு அந்தத்தில் நீல அணியின் முகாம். சிவப்பு முகாமின் கூரையில் தலை முதல் கால் வரை கவசம் போட்ட இரண்டு சிப்பாய்கள், சிம்மன்ஸும் கிரிஃபும், வேலை எதுவும் இல்லாமல் நிற்கிறார்கள். நாம் ஏன் இங்கே இருக்கிறோம் என்று சிம்மன்ஸ் கேட்கிறான். கிரிஃப் அதைப் பிறவியைப் பற்றிய கேள்வி என்று நினைத்து, கடவுள் ஒருவர் இருக்கிறாரா, எல்லாம் தற்செயலா என்று நீளமாகப் பேசத் தொடங்கிவிடுகிறான். சிம்மன்ஸ் திகைத்துப்போய், நான் கேட்டது இந்தப் பள்ளத்தாக்கில் ஏன் நிற்கிறோம் என்றுதான் என்கிறான். பிறகு அவனே கணக்குப் பார்க்கிறான்: அங்கே நீல முகாம் இருப்பதால் இங்கே சிவப்பு முகாம், இங்கே சிவப்பு முகாம் இருப்பதால் அங்கே நீல முகாம், இதைத் தவிர வேறு காரணம் எதுவும் கிடையாது. அதே நேரம் தூரத்தில் இரண்டு நீலச் சிப்பாய்கள் குறிபார்த்துச் சுடும் துப்பாக்கியின் கண்ணாடியால் இவர்களைக் கண்காணிக்கிறார்கள். கண்ணாடியை ஒருவனே வைத்துக்கொள்கிறான். எதிரி என்ன செய்கிறான் என்று மற்றவன் திரும்பத் திரும்பக் கேட்க, சும்மா நின்று கதைக்கிறார்கள் என்ற பதில்தான் எரிச்சலோடு வருகிறது.

அவ்வளவுதான் காட்சி. ஒரு வெடி இல்லை. போர் என்பது பெரும்பாலும் காத்திருப்பு, அலுப்பு, காரணம் தெரியாத கட்டளை என்பதை இதைவிடச் சிக்கனமாகச் சொன்ன நாடகத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

இனி நேரத்தைத் தின்னும் விளையாட்டு என்ற முதல் தீர்ப்புக்கு வருவோம். விளையாட்டுக்கு அடிமையாதல் உண்மையான பிரச்சினை. உலக சுகாதார நிறுவனம் அதை நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அந்தப் பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. இரவு இரண்டு மணிக்குப் போர்வைக்குள் போனை ஒளித்து ஆடும் பிள்ளையைப் பற்றித் தாய் கவலைப்படுவது நியாயம். ஆனால் இந்தத் தொடரைப் பார்ப்பவர் விளையாடவில்லை. அவருக்குப் புள்ளி கிடையாது, அடுத்த கட்டம் கிடையாது, இன்னும் ஒரு தடவை என்று இழுக்கும் பரிசும் கிடையாது. ஐந்து நிமிடம் ஒரு கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டு எழும்புகிறார். ஒரு நாடகத்தில் துவக்கு வருவதால் அது சண்டைப் பயிற்சி ஆகாது. காட்சி விளையாட்டில் இருந்து வந்ததால் அதைப் பார்ப்பது விளையாட்டும் ஆகாது. இதற்கு மேல் இந்தக் குற்றச்சாட்டில் ஒன்றும் இல்லை.

திருட்டு என்கிறார்கள். 'ஹேலோ'வைச் செய்த பஞ்சி நிறுவனமும் அதன் அப்போதைய உரிமையாளரான மைக்ரோசொஃப்டும் இந்தத் தொடரை ஆரம்பத்திலேயே அறிந்து இடம் விட்டன. அதோடும் நிற்கவில்லை. 2004இல் 'ஹேலோ 2' வந்தபோது, பாத்திரம் ஆயுதத்தைத் தாழ்த்தி இயல்பாக நிற்பதற்கு ஒரு வழியை பஞ்சி சேர்த்தே கொடுத்தது. நாடகம் போடுகிறவர்களுக்கு என்றே சேர்த்தது அது. 2007இல் மைக்ரோசொஃப்ட் தன் விளையாட்டுக் காட்சிகளை இரசிகர்கள் எந்த நிபந்தனையில் பயன்படுத்தலாம் என்று எழுத்தில் விதி வெளியிட்டது. 'கிராண்ட் தெஃப்ட் ஓட்டோ' ஐந்தாவது விளையாட்டு 2015இல் கணினிக்கு வந்தபோது, ஆட்டத்தைப் பதிந்து படமாக வெட்டித் தொகுக்கும் கருவி விளையாட்டின் உள்ளேயே இருந்தது. வீட்டுக்காரனே திறப்பைக் கையில் தந்திருக்கிறான். இதில் திருட்டு எங்கே வந்தது?

சட்டத்தை விடுங்கள், கலையில் வைத்துப் பார்ப்போம். அரிச்சந்திரன் கதையை நடிகமணி வி. வி. வைரமுத்து உருவாக்கவில்லை. மயான காண்டத்தைப் பார்க்க இந்தக் குடாநாட்டின் கோயில் வீதிகளில் பாய் விரித்து விடிய விடிய இருந்த சனத்துக்குக் கதை தலைகீழாகத் தெரியும். அவர்கள் வந்தது அந்தக் குரலுக்காக, அந்தச் சுடலையில் அவர் நின்ற நிலைக்காக. காத்தவராயன் கதையும் அப்படித்தான், தருமபுத்திரன் கதையும் அப்படித்தான். பொதுவில் கிடக்கிற ஒரு உருவத்தை எடுத்து அதற்குள் தன் மூச்சை ஊதுவதுதான் எங்கள் அரங்கின் முழு வரலாறும். கடல் கடந்த தமிழ்நாட்டுத் தோற்பாவைக்கூத்தில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் தலைமுறை தலைமுறையாக வரும் அதே கோமாளிகள்தான். திரைக்குப் பின்னால் இருக்கும் கலைஞன் அன்றைக்கு அவர்களை என்ன பேச வைக்கிறான் என்பதில்தான் கூத்து இருக்கிறது. கம்பனிக்காரன் செய்த கவச உருவத்தைப் பேர்ன்ஸ் எடுத்தாண்டதும் இதே காரியந்தான். அதைத் திருட்டு என்றால், அந்தப் பழி எங்கள் கூத்துக்காரர் அனைவரையும் சேர்த்துத்தான் தீண்டும்.

முகமில்லாத பொம்மை என்ற மூன்றாவது தீர்ப்பு, இந்தக் கலை எப்படிச் செய்யப்படுகிறது என்று தெரியாததால் வருவது. குரல்களை முதலில் பதிவார்கள். பிறகு எக்ஸ்பொக்ஸ் கருவிகளை ஒன்றோடொன்று தொடுத்து, ஆளுக்கொரு பாத்திரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு விளையாட்டுக்குள் இறங்குவார்கள். அவர்களில் ஒருவர் நடிப்பதில்லை. அவருடைய பாத்திரத்தின் கண்தான் கமரா. அவர் எங்கே நின்று எதைப் பார்க்கிறாரோ அதுவே எங்களுக்குக் காட்சி. மற்றவர்கள் பதிந்த குரலுக்கு ஏற்ப விசையை மெல்ல மேலும் கீழும் தட்டுவார்கள். தலை இலேசாக ஆடும். யாருடைய தலை ஆடுகிறதோ அவர் பேசுகிறார். முதல் 'ஹேலோ'வில் இருந்த ஒரு சின்னக் கோளாறு கூட இவர்களுக்குக் கைகொடுத்தது: கைத்துப்பாக்கியை வைத்திருக்கும் பாத்திரம் கீழே பார்த்தால், துப்பாக்கி தாழ்ந்திருக்கும், தலையோ நேரே பார்க்கிறதுபோலத் தெரியும். எதிரெதிரே நின்று துவக்கை நீட்டாமல் கதைக்கிற காட்சி இப்படித்தான் சாத்தியமாயிற்று.

அப்படியானால் நடிகனிடம் மிஞ்சுவது என்ன? குரல், இடைவெளி, தலையின் ஒரு அசைவு. கண் இல்லை, உதடு இல்லை, கை வீச்சு இல்லை. இத்தனையும் பறிபோன பிறகும் சிவப்புத் தளபதி சார்ஜ் யார், நீலச் சிப்பாய் கபூஸ் யார் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். நடிப்பு இல்லாவிட்டால் இது எப்படி நடக்கும்?

குரலால் மட்டும் ஆளை உண்டாக்கும் கலையை அறியாதவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டால் பொறுக்கலாம். நாங்கள் கேட்கக்கூடாது. இலங்கை வானொலியில் எஸ். ராம்தாஸின் 'கோமாளிகளின் கும்மாளம்' ஒலித்த காலத்தில் மரிக்காரையும் அப்புக்குட்டியையும் உபாலியையும் எவரும் முகம் பார்த்து அறியவில்லை. முஸ்லிம் தமிழ், யாழ்ப்பாணத் தமிழ், சிங்களவர் பேசும் தமிழ் என்று ஆளுக்கொரு பேச்சு. அந்தப் பேச்சே ஆள். நடிகர்களின் சொந்தப் பெயருக்கு முன்னால் மரிக்கார் ராம்தாஸ், அப்புக்குட்டி ராஜகோபால், உபாலி செல்வசேகரன் என்று பாத்திரத்தின் பெயர் ஒட்டிக்கொண்டு கடைசி வரை கழலவில்லை. 1976இல் 'கோமாளிகள்' திரைப்படமாக வந்தபோதுதான் சனம் முகத்தைப் பார்த்தது. போர் நடந்த தொண்ணூறுகளில் மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் வந்த மின்னில் வானொலியைச் சூழ்ந்திருந்து கேட்ட குடாநாடு இது. சுற்றுகிறவர் களைத்தால் குரல் தேயும். உடனே அடுத்தவர் பெடலைப் பிடிப்பார். குரல் எவ்வளவு பெரிய உலகத்தைக் கட்டும் என்று அப்படிக் கற்றுக்கொண்ட தலைமுறைதான் இன்று தன் பிள்ளையிடம், முகமே தெரியவில்லை இது என்ன நாடகம் என்று கேட்கிறது.

2021இல் இங்கிலாந்தில் கொரோனாவால் அரங்குகள் பூட்டிக் கிடந்தபோது, வேலையிழந்த இரண்டு மேடை நடிகர்கள் 'கிராண்ட் தெஃப்ட் ஓட்டோ'வின் இணைய நகரத்துக்குள் ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெற்'றை மேடையேற்றும் முயற்சியில் இறங்கினார்கள். நடுவசனத்தில் யாராவது முன்பின் தெரியாத ஆட்டக்காரர் வந்து சுட்டுவிட்டுப் போவார், திரும்பவும் தொடங்குவார்கள். அது 2024இல் 'கிராண்ட் தெஃப்ட் ஹாம்லெற்' என்ற ஆவணப்படமாக வந்தது. மேடை நடிகர்களே தங்கள் கலை அங்கேயும் பிழைக்கும் என்று செய்து காட்டிய பிறகு, அது நடிப்பா என்று நாங்கள் இங்கே இருந்து சந்தேகப்படுவதில் பொருள் இல்லை.

இப்போது நாலாவது. இதைச் சொல்கிறவர்களின் குரலில் கோபத்தைவிட வலியே அதிகம்.

1983 ஜூலை 23 இரவு, இதே திருநெல்வேலியில், பலாலி வீதியில் நடந்த தாக்குதலில் 13 இராணுவத்தினர் இறந்தார்கள். பழிவாங்க வெளிக்கிட்ட இராணுவம் இந்தச் சுற்றாடலில் வீதியில் நின்றவரையும் வீட்டில் இருந்தவரையும் சுட்டுக் கொன்றது. கொழும்பில் தமிழர் வீடுகள் எரிந்தன. 1987 ஒக்ரோபரில் இந்திய இராணுவம் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகொப்டரில் ஆட்களை இறக்கியது. இறங்கிய சீக்கியப் படைப்பிரிவில் 29 பேர் மாண்டார்கள், ஒருவர்தான் உயிரோடு பிடிபட்டார். அதன் பிறகு ஊர்ச்சனம் கொடுத்த விலை ஊருக்குத் தெரியும். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் வெறுங்கையோடு செம்மணி வெளி தாண்டிப் போனது. கொழும்பில் நடந்ததைத் தவிர, இவை எல்லாம் ஒரு மைல் இரண்டு மைலுக்குள் நடந்தவை. இங்கே இருந்துகொண்டு இரண்டு சிப்பாய்களைப் பார்த்துச் சிரிக்க எப்படி மனம் வருகிறது என்று கேட்கிறார்கள்.

பிள்ளையைக் கொடுத்த தாய்க்குச் சிரிக்க மறுக்கும் உரிமை முழுமையாக உண்டு. அந்த வீட்டில் இதைப் போட்டுக் காட்டும் எண்ணம் எனக்கு ஒருநாளும் வராது. ஆனால் கேள்விக்குப் பதில் இருக்கிறது. அந்தப் பதில், இந்தத் தொடர் யாரைப் பார்த்துச் சிரிக்கிறது என்பதில் இருக்கிறது.

இதில் எரியும் ஊர் இல்லை. அகதி இல்லை. சிரிப்புக்கு ஆளாகும் பொதுமகன் ஒருவனும் இல்லை. அந்தச் சிவப்புத் தளபதி சார்ஜுக்கு எதிரியைவிடத் தன் சொந்தச் சிப்பாய் கிரிஃப் சாவதில்தான் ஆசை. சிரிப்பு அவன் மேல். புதிதாக வந்த டோனற் என்ற பொடியனை ஹெட்லைற்றுக்கு ஊற்றும் திரவம் வாங்கி வா என்று பழையவர்கள் அனுப்புகிறார்கள். உலகத்தில் அப்படி ஒரு சாமான் இல்லை. அவன் கடை தேடி நடந்து நடந்து எதிரியின் முகாமுக்கே போய்ச் சேருகிறான். அதுதான் கடை என்று நம்பி விசாரிக்க, அங்கே காவலுக்கு நின்ற கபூஸ் நீல அணியின் கொடியையே கொடுத்து அனுப்பிவிடுகிறான். உயிரைக் கொடுத்துக் காக்க வேண்டிய கொடி வெறும் துணியாகக் கைமாறிவிடுகிறது. அந்தக் காட்சியில் சிரிப்பு கொடியின் மேலும், அதற்காகச் சாகச் சொன்னவர் மேலும் விழுகிறது.

கதை வளர வளர இது கூர்மையாகிறது. இரண்டு அணிக்கும் கட்டளை ஒரே இடத்தில் இருந்துதான் வந்தது, சிவப்பும் நீலமும் வேறொரு விசேட படையின் பயிற்சிக்காக வைக்கப்பட்ட பகடைகள் என்று பின்னர் வெளிப்படுகிறது. வருடக்கணக்காகப் பகையோடு நின்றவர்களை ஒரே அலுவலகம் நடத்தியிருக்கிறது. போரில் வெந்த மண்ணுக்கு இது அந்நியக் கதையா? எங்கோ இருந்த அறையில் போட்ட கையெழுத்துக்காக, பலாலி வீதியிலும் பல்கலைக்கழக மைதானத்திலும் இருபது வயதுப் பிள்ளைகள் ஏன் வந்தோம் என்று தெரியாமல் வந்து செத்தார்கள். சிம்மன்ஸ் கூரையில் நின்று கேட்ட கேள்வியை அவர்களில் எத்தனை பேர் வாய்க்குள் கேட்டிருப்பார்கள். அந்தக் கேள்வியைச் சிரிப்பில் பொதிந்து கொடுப்பவர் இறந்தவரை அவமதிக்கவில்லை. அனுப்பியவரைக் கூண்டில் ஏற்றுகிறார்.

போரைப் பார்த்துச் சிரித்தது இவர்கள்தான் முதல் என்பதும் இல்லை. முதலாம் உலகப்போர் முடியுமுன்பே, 1918 ஒக்ரோபரில், சார்லி சப்ளின் பதுங்குகுழிச் சிப்பாயாக வந்து சிரிக்க வைத்தார். எங்கள் சனமும் குண்டுபோட வந்த விமானத்துக்குச் சகடை என்றும் உளவு பார்த்த விமானத்துக்கு வண்டு என்றும் பட்டம் வைத்துக்கொண்டு பங்கருக்குள் இருந்தது. அந்தச் சனத்துக்குச் சிரிக்கத் தெரியாது, சிரிக்கவும் கூடாது என்று இப்போது யார் சட்டம் போடுவது?

இன்னுமொன்று என்னை உறுத்துகிறது. 'ஹேலோ' போன்ற விளையாட்டில் எதிரியைக் கண்டவுடன் சுட வேண்டும், தயங்கினால் தோல்வி. அந்த விளையாட்டுக்குள்ளேயே போய், துவக்கைத் தாழ்த்தி, எதிரியோடு நின்று கதைக்க வைத்ததுதான் இந்தக் கலைஞர்கள் செய்த பெரிய காரியம். பெரும்பாலான வீடுகளில் ஃப்ரீ ஃபயரும் பப்ஜியும் போனில் கிடக்கின்றன. பிள்ளை அதில் நாளுக்கு எத்தனை பேரைச் சுடுகிறான் என்று கேட்பார் இல்லை. சுடும் விளையாட்டை விட்டுவைத்து, சுடாமல் நிற்கும் நாடகத்தைக் கண்டிக்கிறோம்.

இதில் வருவது எல்லாம் நல்லது என்று நான் சொல்லவில்லை. 'ரெட் வேர்சஸ் புளூ'வில் கெட்ட வார்த்தை தாராளம். பத்து வயதுப் பிள்ளைக்கு அது வேண்டாம். 2010 முதல் கணினி வரைகலையில் பிரமாண்டமான சண்டைகள் சேர்ந்தன. அவற்றில் திறமை இருக்கிறது, ஆனால் பழைய கூரைக் கதைப்பு கரைந்துபோனது. முதல் ஐந்து பருவம் எனக்குப் போதும். தமிழில் 'கிராண்ட் தெஃப்ட் ஓட்டோ' காட்சிகளை வைத்து யூடியூப்பில் வரும் சிரிப்புத் துண்டுகளில் பலது சினிமா வசனத்தை ஒட்டவைத்ததோடு நின்றுவிடுகிறது. 2021 ஜூனில், பப்ஜி ஆடியபடியே பெண்களை ஆபாசமாக ஏசிய ஒருவரைத் தமிழ்நாட்டுப் பொலிஸ் கைதுசெய்தது; அந்தக் கைது சரியானதே. அங்கே குற்றம் அவருடைய வாயில் இருந்தது. அதே கருவியால் என்ன செய்யலாம் என்பதற்கு எதிர்ச் சாட்சியும் இருக்கிறது. 2005 ஒக்ரோபரில் பாரிஸ் புறநகரில் பொலிஸுக்குப் பயந்து ஓடிய இரண்டு இளைஞர்கள் மின்சாரம் தாக்கி இறந்து, நகரங்கள் பற்றி எரிந்தபோது, அலெக்ஸ் ஷான் என்பவர் 'த மூவீஸ்' என்ற விளையாட்டைக் கொண்டு சில நாட்களில் 'த ஃப்ரெஞ்ச் டெமொக்ரசி' என்ற குறும்படம் செய்தார். கமராவும் பணமும் இல்லாதவருக்கு விளையாட்டு வாய் கொடுத்தது.

இங்கே உயர்தரத்தில் 'நாடகமும் அரங்கியலும்' ஒரு பாடம். பேராசிரியர் சிவத்தம்பியும் குழந்தை ம. சண்முகலிங்கமும் அரங்கை ஒரு கல்வியாகக் கட்டியெழுப்பிய இடம் இது. 1985இல் 'மண் சுமந்த மேனியர்' மேடை கண்ட கைலாசபதி அரங்கு இங்குள்ள பல்கலைக்கழக வளாகத்தில் நிற்கிறது. அந்தப் பாடத்தைப் படிப்பிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு பாட நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். முதல் அத்தியாயத்தைப் போட்டுக் காட்டுங்கள். பிறகு நாலு பிள்ளைகளிடம் ஒரு விளையாட்டையும் ஒரு போனையும் கொடுத்து, எங்கள் பேச்சில், எங்கள் ஊர்க் கதை ஒன்றை ஐந்து நிமிடத்துக்குச் செய்து வரச் சொல்லுங்கள். பெற்றோரிடம் கேட்பது அதைவிடச் சிறியது: பிள்ளை அடுத்த தடவை சிரிக்கும்போது போனைப் பறிக்காதீர்கள், பக்கத்தில் இருந்து ஒரு அத்தியாயம் முழுவதும் பாருங்கள். பார்த்த பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள்.